முகாமில் 152, வீட்டில் 134: எந்த பிரஷரை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மருத்துவமனை நடத்திய இலவசப் பரிசோதனை முகாமில் உங்கள் ரத்த அழுத்தம் 152/94 என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டுத்தாள்: உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், கவலைப்படாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பயந்துபோய் ஒரு கருவி வாங்கி வீட்டில் பார்த்தால் மேல் எண் 128, 141, 134 என்று ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது. வயது 47, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. இதில் எது உண்மை, மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செவிலியர். இருபது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட முகாம்களில் உட்கார்ந்து பிரஷர் பார்த்திருக்கிறேன். உங்களைப் போல ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்ப்பேன். அவர்களில் ஒரு பகுதியினர் அன்றைக்கே மாத்திரை வேண்டும் என்பார்கள். இன்னொரு பகுதியினர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மறந்துபோவார்கள். இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

நீங்கள் சொன்ன நான்கு எண்களும் உண்மையாகவே இருக்கலாம். ரத்த அழுத்தம் உயரத்தைப் போல ஒரே அளவில் நிற்பதில்லை. மாடி ஏறினால் கூடும், பேசினால் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கூடும். தூங்கும்போது பலருக்கு 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். ஆகவே 'இப்போது எவ்வளவு' என்று கேட்பதை விட, 'அமைதியாக இருக்கும்போது என் அழுத்தம் வழக்கமாக எங்கே நிற்கிறது' என்று கேட்பதுதான் பயன் தரும். அந்தப் பதில் ஒரு அளவீட்டில் கிடைக்காது. ஒரு வாரம் வேண்டும்.

முகாமில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. வரிசையில் நின்றிருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்த உடனே பட்டையைச் சுற்றியிருப்பார்கள். பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்க, நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருப்பீர்கள். கை மடியில் கிடந்திருக்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் தொங்கியிருக்கும். சட்டைக் கையை மேலே சுருட்டியதில் அது புஜத்தை இறுக்கியிருக்கும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டம் அதிகமான நாளில் நானும் இப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் ஒவ்வொன்றும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும்.

கை இருக்கும் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாம் சொல்லும் 152 என்பது மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் ரத்தத்தை விட ஏறக்குறைய 13 மடங்கு கனமானது. அதனால் 152 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம் ரத்தத்தையே ஒரு குழாயில் ஏற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தும். 1733-இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட நூலில் இதை நேரடியாகவே செய்து காட்டியிருந்தார். ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார், ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது. இதே கணக்கில், பட்டை கட்டிய கை இதயத்தின் மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் சேர்ந்து சுமார் 7 அல்லது 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். நோய் எதுவும் வேண்டாம், புவியீர்ப்பே போதும். 2024-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கை மேசையில் இருந்ததை விட மடியில் இருந்தபோது மேல் எண் சராசரியாக 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கியபோது 6.5 புள்ளியும் அதிகமாக வந்தது.

பட்டையின் அளவு இதைவிடப் பெரிய விஷயம். எல்லாருக்கும் ஒரே பட்டை என்பதுதான் முகாம்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. பட்டைக்குள் காற்று நிரம்பும் பகுதி, புஜத்தின் சுற்றளவில் குறைந்தது 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாக வரும். 2023-இல் வெளியான ஒரு சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 புள்ளி அதிகமாகக் காட்டியது. 125 இருக்கிற மனிதர் 144 என்று கேட்டுப் பயந்துகொண்டு வீட்டுக்குப் போவார் என்று அர்த்தம். உங்கள் கருவியோடு வந்த பட்டையில் எத்தனை முதல் எத்தனை சென்டிமீட்டர் வரை என்று அச்சிட்டிருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு டேப்பை வைத்து உங்கள் கையை அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு பட்டை வாங்குங்கள், கருவியை மாற்ற வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்படியானால் முகாமில் வந்தது சும்மா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவமனையில் மட்டும் ஏறி, வீட்டில் இறங்கிவிடுகிற ஒரு வகை இருக்கிறது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறும் பிரஷர் என்று மருத்துவர்களே சொல்வார்கள். அதற்கு நேர் எதிரான வகையும் இருக்கிறது: மருத்துவமனையில் ஒழுங்காக இருக்கும், வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறிக் கிடக்கும். இந்த மறைந்திருக்கும் பிரஷர்தான் ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் தேடுவதில்லை. இரண்டில் நீங்கள் எந்த வகை, அல்லது நிஜமாகவே எங்கும் உயர்ந்திருக்கும் வகையா என்பதை வீட்டு அளவீடுதான் சொல்லும். கருவி வாங்கியது நல்ல முடிவு. இனி அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் ஆகி அரை மணி நேரம் கடந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போட வேண்டாம். கையை மேசை மேல் வைத்து, பட்டை நெஞ்சின் நடு மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். வெறும் தோலின் மேல் கட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கைபேசி வேண்டாம், பேச்சு வேண்டாம். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், ஆனால் இதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஒரு தடவை பாருங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். இரவில் படுக்கப் போகும் முன் இதே மாதிரி இரண்டு.

கருவி ஓடும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் ஒலியை இந்தக் கருவி கேட்பதில்லை. பட்டை தளரும்போது தமனி துடிக்கும் துடிப்பால் பட்டைக்குள் உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பதிவுசெய்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுத் தருகிறது. நீங்கள் கையை அசைத்தால் அந்த அசைவும் கணக்கில் கலந்துவிடும். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் அவ்வளவாக நம்பகமாக இல்லாமல் போவதும் இதனால்தான். அவர்கள் மருத்துவரிடம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

எண் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மூன்றாவது, நான்காவது தடவை பார்க்காதீர்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அப்படிச் செய்து அழகான ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

வாரக் கடைசியில் முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள், அன்றைக்குப் பதற்றம் இருக்கும். மீதி ஆறு நாளின் 24 மேல் எண்களைக் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களுக்கும் அப்படியே. சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவே மருத்துவர் எடுத்துக்கொள்வார். இரண்டில் ஒன்று மட்டும் எல்லையைத் தொட்டாலும் அது கணக்குதான். மருத்துவமனையில் 140/90 என்கிறார்களே என்று கேட்பீர்கள். வீட்டில் மனசு தளர்வாக இருப்பதால் எல்லையும் 5 புள்ளி இறங்குகிறது, அவ்வளவுதான். நீங்கள் இப்போது சொன்ன மூன்று எண்களின் சராசரி 134. எல்லையை ஒட்டித்தான் நிற்கிறீர்கள். அதனால் இந்த ஒரு வாரத்தை ஒழுங்காகச் செய்வது உங்கள் விஷயத்தில் நிஜமாகவே முடிவை மாற்றும்.

எல்லை எது என்பதில் நாடுகளுக்குள் வித்தியாசம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் எங்கோ படித்துவிட்டுக் குழம்புவீர்கள். உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இரண்டு வெவ்வேறு நாட்களில் 140/90-க்குக் குறையாமல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறது. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் அதை 130/80-க்கு இறக்கின. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் 140/90-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே 120/70 வரை 'உயர்ந்து வரும் அழுத்தம்' என்று இன்னொரு வகையைச் சேர்த்தது. மூன்றும் வேறு வேறு என்று தோன்றினாலும் அடிப்படை ஒன்றுதான். 2002-இல் பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், 40 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மேல் எண் 115-இல் இருந்து ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பானது தெரிந்தது. 139-இல் பத்திரம், 140-இல் ஆபத்து என்று எதுவும் கிடையாது. அது ஒரு சரிவு, கோடு நாம் கிழித்தது.

அடுத்தது, 'தொந்தரவு ஒன்றும் இல்லை' என்றீர்கள். எனக்குப் பயம் தருவதே அந்த வார்த்தைதான். பிரஷர் ஏறினால் தலை வலிக்கும், மயக்கம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-இல் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, அதில் 46 சதவீதம் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை. தெரியாமலே வருடக்கணக்கில் தமனிச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும், இதயத்தின் தசை கனத்துக்கொண்டிருக்கும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதாகிக்கொண்டிருக்கும்.

'வயசானால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்' என்ற பேச்சும் இதோடு சேர்ந்தது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் ஒரு இதயநோய் மருத்துவர் பார்த்தபோது 186/108 இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. அவருக்குக் கொடுக்க அன்று நல்ல மருந்து எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடுமையான தலைவலி என்று சொல்லிச் சரிந்தார், அப்போது பார்த்த பிரஷர் 300/190. அன்றே மூளை ரத்தக்கசிவில் இறந்தார். உலகத்திலேயே சிறந்த வைத்தியம் கிடைக்கக்கூடிய ஒரு மனிதர் அவர். மாத்திரையால் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறையும் என்று ஒழுங்கான சோதனையில் நிரூபிக்கப்பட்டது 1967-இல்தான். நாம் அதற்குப் பிறகு வாழ்கிறோம்.

சரி, அந்தத் துண்டுத்தாளுக்கு வருவோம். அதில் எழுதியிருந்தது எதுவும் தவறில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே எடையில் சொல்லியிருப்பதுதான் எனக்கு வருத்தம். உப்பு முதலிடம். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகச் சராசரியோ அதைப் போல இரு மடங்குக்கு மேல், 10.8 கிராம். சாப்பிடும்போது தூவும் உப்பை விட, பாக்கெட்டில் வரும் தயார் உணவுகளிலும் உப்பில் ஊறவைத்த பண்டங்களிலும் ஒளிந்திருக்கும் உப்பைக் கவனியுங்கள். லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வரும். இன்னொரு வழியும் இருக்கிறது. சோடியத்தில் ஒரு பகுதியை பொட்டாசியத்தால் மாற்றிய உப்பு. 2021-இல் முடிந்த ஒரு பெரிய சோதனை, சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்தது. இந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.

எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல் எண் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். நடை வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்குகிற வேகத்தில். மது குடிப்பவரானால் அதைக் குறைப்பதும் பிரஷரை இறக்கும். 'கவலைப்படாதீர்கள்' என்ற வரியை நான் எழுதியிருந்தால் அடித்திருப்பேன். கவலை சொல்லிப் போகாது. அதற்குப் பதில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பேன். உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா, பகலில் கண் சொக்குகிறதா? அப்படியானால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பது பிரஷரை ஏற்றும் ஒரு முக்கியக் காரணம், அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு.

துண்டுத்தாளில் இல்லாத இன்னொன்று: நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை. முட்டி வலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, உப்பைக் குறைத்தும் பிரஷர் இறங்கவில்லையே என்று புலம்பியவர்கள் உண்டு. என்ன சாப்பிடுகிறோமோ அத்தனையையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி மாத்திரை. 'ஆரம்பித்தால் நிறுத்த முடியாது' என்று கேட்டால் மாத்திரை நம்மைப் பிடித்துக்கொள்வது போலத் தோன்றும். அது பழக்கப்படுத்தும் மருந்து கிடையாது. பிரஷர் என்பது பெரும்பாலும் உடம்போடு தங்கிவிடும் ஒன்று, மாத்திரை சாப்பிடும் வரை கட்டுக்குள் இருக்கும். எண் 124 ஆகிவிட்டது, குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் பிறகு பக்கவாதத்தோடு வருகிறார்கள். 124 வந்தது மாத்திரையால். அதே நேரம், எடையும் உப்பும் நன்றாகக் குறைந்த பிறகு மருத்துவரே அளவைக் குறைத்ததும், சிலருக்கு நிறுத்தியதும் உண்டு. அது அவர் பார்த்து, படிப்படியாகச் செய்ய வேண்டியது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பிருந்ததை விட மேலே பாய்ந்துவிடும்.

என்ன லாபம் என்று கேட்டால், 2021-இல் 48 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், மேல் எண் வெறும் 5 புள்ளி இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைந்தன. பக்க விளைவுகள் வரலாம், ஆனால் வந்தால் சொல்லுங்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்துவதுதான் கூடாது. காலையில் போடுவதா இரவில் போடுவதா என்றும் கேட்பார்கள். 21,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஒரு பிரிட்டிஷ் சோதனையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2022-இல் தெரிந்தது. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம்.

அவசரம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 180/120-ஐத் தாண்டி எண் வந்தால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள், காத்திருக்க வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருடைய மாத்திரையையாவது எடுத்துப் போட்டுச் சட்டென்று இறக்கப் பார்க்காதீர்கள், வேகமாக இறங்கினாலும் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு இந்த 180/120 எல்லை பொருந்தாது. அவர்களுக்கு 140/90 வந்தாலே உடனே பேறுகால மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாரம் முடிந்து மருத்துவரிடம் போகும்போது எண்களை எழுதிய தாளோடு கருவியையும் எடுத்துப் போங்கள். அங்கிருக்கும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலைதான், உங்கள் கருவி நம்பகமானதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்று, இதை முதல் நாளே செய்யுங்கள்: இரண்டு கையிலும் பாருங்கள். ஓரிரு புள்ளி வித்தியாசம் எல்லாருக்கும் உண்டு. எந்தக் கையில் அதிகமாக வருகிறதோ அந்தக் கையிலேயே வாரம் முழுக்க அளந்து பாருங்கள். வித்தியாசம் 10 புள்ளிக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், தமனியில் எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க விரும்புவார். அதைத் தாளின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.